சீசன் பாத்து சிப்பிக்காளான் வளக்கறது எப்படி? (ஐப்பசி மழைல கத்துக்கிட்டது)

வைக்கோல ஊறவச்சு வேகவச்சு காளான் விதை போட்டு பெட் (வைக்கோலும் விதையும் அடுக்குன பிளாஸ்டிக் பை) கட்டறதுக்கு நிறைய வீடியோ இருக்கு, அத அதுலயே பாத்துக்கோங்க. எனக்கு அதெல்லாம் சரியாத்தான் வந்துச்சு, ஆனா முதல் வருஷம் பல்லடத்துல வீட்டுக்குப் பின்னாடி ரூம்ல தொங்கவிட்ட 20 பெட்டும் ஐப்பசி மழைல போச்சு. அதனால இங்க சீசன் பத்தி மட்டும்தான்.

1. டெம்பரேச்சர், ஈரப்பதம் ரெண்டும் காட்டற டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு வாங்குங்க. செவுத்துல மாட்டாதீங்க, பெட் தொங்கற உயரத்துலயே கட்டுங்க. சிப்பிக்கு 20ல இருந்து 30 டிகிரி, மொட்டு வந்தா ஈரப்பதம் 80ல இருந்து 90 சதவீதம்.

2. பங்குனில இருந்து வைகாசி வரைக்கும் தரைல மணல் கொட்டி நனைங்க, ஜன்னல்ல ஈரச்சாக்கு தொங்கவிடுங்க. அப்பவும் சூடு எறங்கலைன்னா சிப்பியோட மல்லுக்கட்டாதீங்க, பால்காளானுக்கு மாறிடுங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998ல விட்ட ஏபிகே 2 ரகம் 30–35 டிகிரிலயே நல்லா வரும். பெட்டுக்கு மேல மண் போடற வேலை கூடுதல், ஆனா வெயில் காலத்துக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

3. ஆடிக்காத்துல மொட்டு காஞ்சு கருகும், குடை ஓரம் வெடிக்கும். காத்து அடிக்கற பக்கம் மட்டும் ஈரச்சாக்கு போடுங்க. எல்லா ஜன்னலையும் சாத்துனா கரியமில வாயு தங்கி தண்டு நீளமாவும் குடை பொத்தான் சைஸுக்கும் வரும்.

4. ஐப்பசி, கார்த்திகை. இதத்தான் நல்லா கவனிக்கணும். வெளிய மழை, ரூம்ல தானாவே 90க்கு மேல ஈரப்பதம் இருக்கு, நான் அத பாக்காம வெயில் காலத்து மாதிரியே தினம் மூணு தடவ ஸ்ப்ரேயர்ல அடிச்சேன், குடை மேல தண்ணி தேங்கி மஞ்சமஞ்சளா புள்ளி விழுந்து தொட்டா கொழகொழன்னு ஒரு நாத்தம். புதுசா கட்டுன பெட்ல வேற பச்சைப் பூசணம், ஏன்னா வெயில் இல்லாம வைக்கோல் சரியா உலரல.

இப்ப செய்யறது இதுதான்: வெந்த வைக்கோல வீட்டுக்குள்ள சுத்தமான தார்ப்பாய்ல விரிச்சு ஃபேன் போட்டு விடறேன். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் புழிஞ்சா உள்ளங்கை ஈரமாகணும், ஆனா ஒரு சொட்டுகூட விழக்கூடாது, விழுந்தா இன்னும் உலரட்டும். மீட்டர் 80க்கு கீழ எறங்குனா மட்டும் தண்ணி, அதுவும் தரைலயும் செவுத்துலயும்தான். ஈ வராம ஜன்னலுக்கு நைலான் வலை அடிங்க, காலைலயும் சாயங்காலமும் அரை மணி நேரம் தொறந்து வைங்க.

அப்டேட்: மார்கழில ஊட்டி பக்கம் பெட் போட்டவங்க 20 நாளாகியும் விதை முழுசா ஓடலைன்னு (அதாவது விதைல இருந்து வெள்ளை இழை பெட் முழுக்க பரவலைன்னு) கேட்டிருந்தீங்க. குளிர்ல அந்த வெள்ளை இழை மெதுவாத்தான் பரவும், பெட் கெட்டுப்போகல. நாள எண்ணி கிழிச்சுடாதீங்க, பை அடி வரைக்கும் வெள்ளையாகட்டும், அப்புறம் கிழிங்க.