இரவு வேட்டை: விளக்கு, நைட் விஷன், தெர்மல் பற்றிச் சட்டத்தை எப்படிப் படிப்பது

"லைட் அடிக்கலாமா?" என்ற கேள்வியை முதலில் வைத்தால் விடை கிடைக்காது. வேட்டைச் சட்டங்கள் பெரும்பாலும் முதலில் விலங்கைப் பார்க்கும், அடுத்து நேரத்தை, கருவியைக் கடைசியில்தான். படிக்கும்போதும் அதே வரிசையில் போங்கள்.

விலங்கு மாறினால் சட்டமே மாறும். டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றியை இரவில் விளக்கு வைத்தும் தெர்மல் (வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவி) வைத்தும் சுடலாம். 2019 செப்டம்பரிலிருந்து இதற்கு வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அதே வயலில், அதே இரவில், வெள்ளைவால் மானைச் சுட்டால் குற்றம். இங்கிலாந்தில் நரியை விளக்கடித்துச் சுடலாம். மானை இரவில் சுடுவதை 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் தடுக்கிறது. சுட வேண்டுமென்றால் தனி அனுமதி பெற வேண்டும். முள்ளெலி, நீர்நாய் போன்றவற்றுக்கு 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் 6ஆம் அட்டவணை விளக்கையும் இரவு ஸ்கோப்பையும் (துப்பாக்கியில் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்தே விலக்குகிறது. இந்தியாவில் பேச்சு விளக்குவரை போவதே இல்லை: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அதன் அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதையே தடை செய்கிறது. பிடிப்பதும், பொறி வைப்பதும், அதற்கு முயல்வதும்கூட அங்கே 'வேட்டை'தான்.

அடுத்தது நேரம். 'இரவு' என்றால் இருட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கடிகாரக் கணக்கு. சூரியன் மாலை 6.10க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி வலசைப் பறவை வேட்டை பொதுவாக 6.10க்கே முடிந்துவிடும். டெக்சாஸ் மான் வேட்டைக்கு 6.40 வரை நேரம் உண்டு. இங்கிலாந்தில் மானுக்கான 'இரவு' 7.10க்குத் தொடங்கும், ஜெர்மனியில் ஒன்றரை மணி நேரம் கழித்து, அதாவது 7.40க்கு. பக்கத்து நகரத்தின் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் வித்தியாசம் வரும். சுடப்போகும் நிலத்தின் நேரத்தையே எடுங்கள்.

கருவியில்தான் குழப்பம் அதிகம். மூன்று வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்குத் தெரியும் ஒளி வீசும் விளக்கு (சிவப்பு, பச்சை பில்டர் போட்டாலும் அது விளக்குதான்), இருக்கும் சிறு ஒளியைப் பெருக்கும் அல்லது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்கின் துணையோடு பார்க்கும் நைட் விஷன், ஒளியே வீசாமல் வெப்பத்தை மட்டும் படிக்கும் தெர்மல். 'செயற்கை ஒளி தடை' என்று மட்டும் எழுதியிருக்கும் விதி தெர்மலைத் தொடாமல் போகலாம். ஆனால் ஐரோப்பாவின் வனவிலங்குகளைக் காக்கும் 1979ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை, விளக்கோடு 'மின்னணு முறையில் படத்தைப் பெருக்கும் அல்லது மாற்றும் இரவுக் குறிபார்க்கும் கருவி'யையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அதன் வழியில் வந்த ஐரோப்பிய விதிகளில் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

பார்ப்பதும் குறிபார்ப்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கையில் பிடிக்கும் தெர்மலுக்கு அனுமதி உள்ள இடத்தில், அதையே துப்பாக்கியில் பொருத்தினால் தடை இருக்கலாம். ஜெர்மனியில் 2020இல் ஆயுதச் சட்டம் தளர்ந்து, வேட்டை உரிமம் உள்ளவர்கள் ஸ்கோப்பின் முன்னும் பின்னும் நைட் விஷன் கருவி பொருத்த வழி வந்தது. அதை எந்த விலங்குக்குப் பயன்படுத்தலாம் என்பது வேட்டைச் சட்டத்தின் விஷயம். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஒரு சட்டம் திறந்த கதவை இன்னொன்று மூடிவைத்திருக்கும். ஆகவே இரண்டையும் படித்தாக வேண்டும்.

வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. சுடாமல் விளக்கடிப்பதே குற்றமாகும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை, இரவு 10 முதல் காலை 7 வரை விலங்குகள்மேல் விளக்கடிக்கக் கூடாது, கையில் துப்பாக்கி இல்லாவிட்டாலும். துப்பாக்கி இருந்தால் வழக்கு இன்னும் கனமாகும்.

எல்லா அனுமதியும் இருந்தும் தவறு நடப்பது அடையாளம் காண்பதில். தெர்மலில் தெரிவது வெப்பத்தின் உருவம் மட்டுமே. தூரத்தில் பன்றியும் கன்றுக்குட்டியும் நாயும் ஒரே வெள்ளைத் திட்டுதான். சுற்றுப்புறத்தின் வெப்பத்திலேயே இருக்கும் வேலிக் கம்பி, கல், குண்டு போய் நிற்கும் மண்மேடு எதுவும் தெளிவாகத் தெரியாது. மூடிய வண்டிக் கண்ணாடி வழியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, தெர்மல் அலையைக் கண்ணாடி விடாது. பகலிலேயே நிலத்தைச் சுற்றி வந்து வீடு, பாதை, சுடக்கூடாத திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பின் முன் கருவி மாட்டினால் குறி நகரலாம். மாட்டிய நிலையிலேயே தாளில் சுட்டுச் சரிபாருங்கள்.

கிளம்பும் முன், நில உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தேதி, நிலத்தின் எல்லை, எந்த விலங்கு என்று அதில் இருக்கட்டும். கட்டாயமில்லாத இடத்திலும் வனவிலங்கு அதிகாரிக்கு முன்கூட்டித் தகவல் சொல்லுங்கள். விளக்கைப் பார்த்து அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால், வருபவருக்கு நீங்கள் யாரென்று தெரிந்திருக்கும். கருவியோடு வெளிநாடு போவதென்றால் ஏற்றுமதி விதியையும் பாருங்கள்: அமெரிக்கா நைட் விஷன் கருவிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது, பையில் வைத்து எடுத்துப்போவதும் ஏற்றுமதியாகவே கணக்கிடப்படும்.