மார்பில் கட்டி: மலையில் ஆண்கள் செய்கிற தவறுகள்

மலையில் இருக்கிற ஆண்கள் தங்கள் மார்பை நின்று பார்ப்பதே அபூர்வம். பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு. கோத்தகிரியில் டிசம்பர் காலையில் நிதானமாகச் சோப்புத் தேய்த்துக் குளிப்பவர் யார்? நான்கு சொம்பு வெந்நீர், ஒரு துண்டு, அவ்வளவுதான். அதனால் காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி வளர்ந்தாலும் பல மாதங்களுக்குத் தெரிவதில்லை. துணி துவைக்கும் மனைவிதான் "என்னங்க, பனியனில் இது என்ன கறை?" என்று முதலில் கேட்கிறார். "தேயிலைக் கறை" என்று சொல்லி மழுப்புவதில் தொடங்குகிறது தவறுகளின் வரிசை.

ஆணுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு. திசு இருக்கும் இடத்தில் புற்றுநோயும் வரலாம். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஆண்களுக்கு வருவது நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. ஆண்களின் மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. இந்த இரண்டும் ஆறுதலான செய்திகள்தாம். ஆனால் அந்த ஆறுதலைத் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் மருந்துச் சீட்டாக ஆக்கிவிடக் கூடாது.

அதிகம் காணப்படுவது கைனகோமேஸ்டியா என்னும் மார்பக வீக்கம். காம்புக்கு நேர் பின்னால், வட்டத் தகடாக, ரப்பரைத் தொடுவது போல இருக்கும், தொட்டால் வலிக்கும், இரு பக்கமும் வரலாம். புற்றுக்கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், கெட்டியாக இருக்கும், காம்பின் மையத்திலிருந்து விலகியும் இருக்கலாம். காம்பு உள்ளே இழுபடுவது, அதிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிவது, ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது ஆகியவை உடனே காட்ட வேண்டிய அடையாளங்கள். இதைப் படித்துவிட்டு, "என்னுடையது ரப்பர் வகை" என்று வீட்டிலேயே முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இந்த வேறுபாடுகள் எல்லாம் மருத்துவருக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. அவரே கூட விரலை மட்டும் நம்பி முடிவு சொல்வதில்லை.

"வலியே இல்லை, பிறகு எதற்கு டாக்டர்?" என்பது அடுத்தது. கணக்கு இங்கே தலைகீழ். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

பிறகு நீலகிரித் தைலம். தலைவலிக்கும் சளிக்கும் தடவும் கை, கட்டிக்கும் தடவுகிறது. இரண்டு வாரம் சூடு பறக்கத் தேய்த்தால் தோல் சிவந்து வெந்துபோகும். அதன் பிறகு பரிசோதிக்கும் மருத்துவருக்கு அந்தச் சிவப்பு கட்டியினால் வந்ததா, தைலத்தினால் வந்ததா என்று பிரிப்பதே வேலையாகிவிடும். மஞ்சள் பற்று, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் இதே வகைதான். மருந்துக்கடையில், "அண்ணா, இது வேனல் கட்டிதான்" என்று தரும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. ஒரு முறை சாப்பிட்டுக் கரையவில்லை என்றால் இரண்டாவது அட்டை வாங்க வேண்டியதில்லை.

பச்சைத் தேயிலை மூட்டை நெஞ்சில் இடித்ததால் வந்தது என்று சொல்பவர்கள் நிறைய. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படுவதுண்டு. அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால் சில வாரங்களில் கரைய வேண்டும். கரையாவிட்டால் மூட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொரு கூட்டம், நெஞ்சில் தொந்தரவு என்றதும் இதயம்தான் என்று பயந்து ஈசிஜி எடுத்து, "நார்மல்" என்ற தாளோடு நிம்மதியாக வீடு திரும்புகிறது. இதயம் நார்மல்தான், கட்டி அங்கேயே இருக்கிறது. போக வேண்டியது பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, குன்னூர் லாலி மருத்துவமனையிலோ முதல் பரிசோதனைக்குக் காட்டலாம்.

அங்கே போனதும் மார்பைக் காட்ட வந்தவரிடம் மருத்துவர் விதைப்பையையும் பரிசோதிக்க வேண்டும் என்பார். கூச்சப்பட்டு மறுக்காதீர்கள். விதையில் வரும் கட்டியும் மார்பை வீங்கச் செய்யும். சாப்பிடும் மாத்திரைகளை மறைப்பதும் கூடாது. ஈரல், இதயக் கோளாறுகளுக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன், புராஸ்டேட்டுக்கும் முடி கொட்டுவதற்கும் தரும் ஃபினாஸ்டெரைடு, ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் மார்பு வீக்கத்துக்குக் காரணமாகலாம். குடிப்பழக்கத்தால் கெட்ட ஈரலும் அப்படியே. "மாத்திரையால்தான் வந்திருக்கும்" என்று நினைத்து நீங்களாக நிறுத்திவிடுவது இன்னும் பெரிய ஆபத்து. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களுக்கு வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாக அடங்கிவிடும்; கிண்டல் செய்யாமல் ஒருமுறை காட்டினால் போதும்.

மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும் அறையின் முன்னே வரிசையில் இருப்பவர்கள் எல்லாம் பெண்கள். அங்கே போய் உட்கார வெட்கப்பட்டு, "ஸ்கேன் மிஷின் ரிப்பேர்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திரும்பும் ஆண்கள் உண்டு. ஆணுக்கும் அதே மிஷின்தான், சில நிமிட வேலை. அன்று பவுடரோ தைலமோ அக்குளில் பூசாமல் போக வேண்டும். பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து குழப்பும். வெட்கத்தைப் பற்றி என் கருத்து ஒன்றுதான்: அந்த வரிசையில் இருக்கும் பெண்கள் தங்கள் கவலையில் இருக்கிறார்கள், உங்களைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. "ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்ற பயத்தில், கட்டியிலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியைத் தவிர்த்துவிட்டு, எங்காவது ஒரு சின்ன இடத்தில் கட்டியை நேராக வெட்டி எடுத்துவிடுவது. பயாப்சியால் நோய் முற்றிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்னது என்று தெரியாமல் வெட்டினால்தான் பிறகு தொல்லை. புற்றுநோயாக இருந்தால் எவ்வளவு அகலத்துக்கு எடுக்க வேண்டும், அக்குள் நெறியை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கும். அரைகுறையாக வெட்டியபின் அந்த வரைபடமே அழிந்துபோகும். கோர் ஊசியில் மெல்லிய இழையாகத் திசுவை எடுத்துப் பார்ப்பதே சரியான வழி. ஆஸ்பிரினோ ரத்தத்தை இளக்கும் வேறு மாத்திரையோ சாப்பிட்டால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எடுத்த திசு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. மலையில் இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் சில சமயம் அந்தச் சிறு பாட்டிலை உறவினரிடமே கொடுத்து, கீழே கோயம்புத்தூர் லேபில் சேர்க்கச் சொல்வார்கள். பாட்டிலில் இருக்க வேண்டியது திசுவைக் கெடாமல் காக்கும் பார்மலின் திரவம், உப்புநீர் அல்ல. திசு அதில் முழுமையாக மூழ்கியிருக்க வேண்டும். மூடி இறுக்கமாக, பெயரும் வயதும் எந்தப் பக்க மார்பு என்பதும் மூடியில் அல்லாமல் பாட்டிலின் மேல் எழுதியிருக்க வேண்டும். புற்றில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளனவா என்று பார்ப்பது ஹார்மோன் ஏற்பிச் சோதனை. அதற்கு, திசு பார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் இருந்தால்தான் முடிவு நம்பகமானது. வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை இறக்கலாம் என்று வைத்திருப்பதும், பர்லியாறு பக்கம் மண்சரிவு என்று பாட்டிலோடு வீடு திரும்புவதும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். அந்தச் சோதனை அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஆண்களின் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையைத் தரலாமா என்பது அந்த முடிவை வைத்துத்தான் தீர்மானமாகும்.

ரிப்போர்ட் வந்தபின், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் அதிலிருந்து சீவி எடுத்த கண்ணாடித் தகடுகளையும் லேபிலேயே விட்டுவிடாதீர்கள். இரண்டாம் கருத்துக்கு அவைதாம் தேவை. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஒரு தாள் சுல்தான் பத்தேரியில், ஒரு தாள் கோழிக்கோட்டில், ஒன்று கோவையில் என்று சிதறவிடுகிறார்கள். எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில்தான் செல்லும் என்பதால், எங்கே போவது என்று தீர்மானிக்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

"மே சீசன் முடியட்டும்" என்று வாடகை வண்டி ஓட்டுநர் தள்ளிப்போடுவதும், "கொழுந்து நன்றாக வருகிறது" என்று சிறு விவசாயி தள்ளிப்போடுவதும் எனக்குப் புரிகிறது, வயிற்றுப்பாடு. ஆனால் சீசன் முடிந்தால் மழை, மழை முடிந்தால் பனி. மலையில் ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது.

"கெடுதல் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தும் கட்டி வளர்ந்துகொண்டே போனால் மறுபடியும் காட்ட வேண்டும். ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். புற்றுநோய் என்றே உறுதியானால், குடும்பத்தில் யாருக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்தது என்று சொல்லும்போது பெரியம்மாவையும் அத்தையையும் விட்டுவிடாதீர்கள். இந்தப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும், மகனுக்கும் மகளுக்கும் சம அளவில் போகும். அதனால் மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கோளாறு இருப்பது தெரிந்தால் கட்டிக்கொடுத்த மகளுக்கும் சொல்லியாக வேண்டும். அவர் எப்போதிலிருந்து சோதித்துக்கொள்வது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.