கொள்ளை டைஃபஸ்: கடியைப் பார்த்து, துணியைக் கோட்டை விடுவது

டைஃபஸ் என்று எழுதினால் டைஃபாய்டு என்று வாசித்துவிடுவது முதல் தவறு. டைஃபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. கொள்ளைநோயாகப் பரவும் டைஃபஸ், ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்ற பாக்டீரியாவால் வருகிறது. அதை ஆளுக்கு ஆள் கொண்டுபோவது சீலைப்பேன். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அடிக்கடி காதில் விழும் ஸ்க்ரப் டைஃபஸ் மூன்றாவது நோய். அதன் கிருமி வேறு. புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. அதில் கடிபட்ட இடத்தில் பலருக்கு சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு தெரியும். பேன் டைஃபஸில் அந்தப் பொருக்கைத் தேடிப் பயனில்லை.

அடுத்த தவறு, தலையைச் சோதிப்பது. சீலைப்பேன் குடியிருப்பது துணியில்தான். கழுத்துப்பட்டை, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களின் தையல் மடிப்புகளில் ஒளிந்திருக்கும், ஈர் வைப்பதும் அங்கேதான். ரத்தம் குடிக்க மட்டும் உடலுக்கு வந்துபோகும். ஆகவே உடையைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, தையல் ஓரங்களைப் பார்க்க வேண்டும். தலையை மொட்டையடிப்பது இதற்கு மருந்தல்ல.

பேன் கடித்தாலே நோய் வரும் என்ற நினைப்பும் சரியல்ல. நோயாளியின் ரத்தத்தைக் குடித்த பேனின் குடலில் கிருமி பெருகி, அதன் எச்சத்தில் வெளியேறுகிறது. கடித்த இடம் அரிக்கும், நாம் சொறிவோம், கீறல் வழியே அந்த எச்சம் உள்ளே போய்விடும். பேனை நகத்தால் நசுக்குவதும் இதே காரணத்தால் ஆபத்து. தொற்றிய பேனும் தப்பாது: குடல் செல்கள் வெடித்து, உடல் சிவந்து, ஓரிரு வாரத்தில் செத்துவிடும். ஆனால் அதற்குள் அது வேறு ஆளிடம் போய்விடும். காய்ச்சலில் கொதிக்கும் உடம்பும் பேனுக்குப் பிடிக்காது, குளிர்ந்துபோன சடலமும் பிடிக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் அதன் அடுத்த இடம்.

வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் 1909-இல் பேனின் பங்கை நிரூபித்தார். ஊரெங்கும் பரவிய நோய், குளிப்பாட்டி, உடையை மாற்றி வார்டில் சேர்த்த நோயாளிகளிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை. அவர்களின் பழைய துணியைக் கையாண்டவர்களுக்குத் தொற்றியது. அந்த வேறுபாடுதான் அவரைப் பேனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1928-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தப் பழைய துணியில்தான் இன்றும் பலர் சறுக்குகிறார்கள். கழற்றிய உடையை உதறக்கூடாது. காய்ந்த எச்சத்தில் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தூசாகப் பறந்து மூச்சு வழியாகவும் கண் வழியாகவும் தொற்றும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, மெதுவாகச் சுருட்டி, பையில் போட்டுக் கட்டி, நேரே வெந்நீருக்கு எடுத்துப்போக வேண்டும். தண்ணீர் குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஆற்றுத் தண்ணீரில் அலசினால் பேனும் ஈரும் பிழைத்துக்கொள்ளும். உலர்ந்தபின் தையல்கள் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டுவது நல்லது. நன்றாகக் குளித்துவிட்டுப் பழைய சட்டையையே மாட்டிக்கொண்டால், குளித்தும் பயனில்லை. போர்வையையும் மறக்கக்கூடாது.

அகதி முகாம்களில் மாற்றுடை கிடைக்காது. அங்கே 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூள், பெரியவர் ஒருவருக்கு 30 முதல் 50 கிராம் வரை, உடுத்தியிருக்கும் துணிக்கும் உடலுக்கும் இடையே ஊதப்படுகிறது: கழுத்து வழியே, கைகள் வழியே, இடுப்பைத் தளர்த்தி. தரையிலும் சுவரிலும் மருந்தடிப்பது ஊருக்குக் கண்காட்சி. பேன் அங்கே இல்லை. 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லித் தூளை இப்படி ஊதி நோயைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் பின்னாளில் பல இடங்களில் பேன்கள் டிடிடிக்கு மசியாமல் போயின. அதனால் உள்ளூர்ப் பேன் எதற்குச் சாகிறது என்று பார்க்காமல் மருந்தை மூட்டை மூட்டையாக இறக்குவது வீண் செலவு.

சிகிச்சையில் நடக்கும் பெரிய பிழை, பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது. தொற்றி ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சலும் கடும் தலைவலியும் தொடங்கும். ஐந்தாம் நாளையொட்டி மார்பிலும் வயிற்றிலும் தடிப்பு தோன்றிக் கைகால்களுக்குப் பரவும். முகம், உள்ளங்கை, உள்ளங்கால் பெரும்பாலும் தப்பும். கறுத்த தோலில் தடிப்பு தெரியாமலே போகலாம், அதனால் தடிப்பு இல்லை என்று நோயைத் தள்ளிவிடக்கூடாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரிவதற்குள் நோய் முற்றிவிடும். பேன் மொய்க்கும் கூட்டத்தில் இந்த அறிகுறிகள் கண்டால் மருத்துவர் உடனே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் 200 மில்லிகிராம் ஒரே வேளை கொடுத்தாலே பெரும்பாலோர் தேறுகிறார்கள். பென்சிலின் இந்தக் கிருமியைத் தொடாது. சல்ஃபா மருந்துகள் நிலைமையை மோசமாக்கும். ஆனால் மாத்திரை பேனைக் கொல்லாது. நோயாளி தேறி வீடு திரும்பும்போது பழைய போர்வையில் பேன் காத்திருந்தால் பரவல் தொடரும்.

இது பழங்காலத்துப் போர் நோய் என்ற நம்பிக்கையை 1997-இல் ஆப்பிரிக்க நாடான புருண்டி உடைத்தது. உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்து குளிர்ந்த மலை முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களில் பல்லாயிரம் பேருக்கு நோய் பரவியது. குளிர், மாற்றுடை இல்லாமை, நெரிசல் மூன்றும் சேர்ந்த எந்த முகாமிலும் சிறையிலும் இது திரும்பலாம். ஒருமுறை வந்து குணமானவரின் உடலில் கிருமி பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையில் மீண்டும் லேசான காய்ச்சலாக எழுவதும் உண்டு. பிரில்–சின்சர் நோய் என்பது அதுதான். அப்போது அவர் உடையில் பேன் இருந்தால், புதிய பரவலுக்கு அந்த ஒருவரே போதும். எனவே முகாமில் வயதானவருக்கு லேசான காய்ச்சல் என்றாலும் அவருடைய துணியைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடக்கூடாது.