தரையில இடிக்கிற கார்: முன் ஸ்பாய்லர் கீறலை நாமளே சரி பண்றது எப்படி

தாழ்வான காரை வெச்சுக்கிட்டு வடசென்னையில தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்னு தெனம் சுத்துறவங்களுக்கு அந்த "கர்ர்ர்" சத்தம் பத்தி நான் சொல்லவே வேணாம். என்னோடது செகண்ட் ஹேண்ட்ல எடுத்த ஆடி டிடி, முன்னாடி வெச்சிருந்தவர் ஸ்ப்ரிங் மாத்தி இன்னும் கீழ இறக்கிட்டார், அதனால ரயில்வே கேட் ஏறினாலும் சரி, சந்துக்குள்ள தெருக்காரங்களே சிமெண்ட் கொட்டி போட்ட ஸ்பீட் பிரேக்கர் ஏறினாலும் சரி, முன் பம்பருக்கு அடியில இருக்கிற ஸ்பாய்லர்தான் முதல்ல போய் தரையை தொடும். அதனால இந்த வேலையை நானே கத்துக்கிட்டேன், இப்போ ஏரியாவுல தெரிஞ்சவங்க காருக்கும் பண்ணி குடுக்கிறேன், கேக்குறவங்களுக்கு தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா இங்க எழுதிடறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் பெயின்ட்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க, பெயின்ட் கடைசி வேலை. ஸ்பாய்லரோட அடி விளிம்பு டயர் மாதிரி, ஓட்டினா தேயத்தான் செய்யும். அது தேயுறதுக்கு பதிலா தேய வேற ஒரு பட்டையை அடியில போட்டு, ஆடுற கிளிப் எல்லாத்தையும் இறுக்கி முடிச்சிட்டு அப்புறம் கலர் பத்தி யோசிங்க. இல்லன்னா குடுத்த காசு அடுத்த வாரமே ரோட்டுல ஒட்டிக்கும்.

ஸ்டெப் 1: கீழ என்ன ஆகியிருக்கு

குனிஞ்சு பாத்தா பாதிதான் தெரியும். போன்ல டார்ச் போட்டு வீடியோ ஆன் பண்ணி காருக்கு கீழ ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடி வரைக்கும் மெதுவா நகத்துங்க, அப்புறம் உக்காந்து நிதானமா பாருங்க. அடி விளிம்பு மட்டும் சொரசொரன்னு தேஞ்சிருந்தா அதை அப்படியே விட்டுடலாம், நின்னு பாக்கிற யாருக்கும் அது தெரியாது. முன் முகத்துல ஏறின கீறல்தான் கண்ணுல படும்.

எல்லாத்தையும் விட அவசரம் எதுன்னா கிளிப் கழண்டு தொங்குறது. முன்னாடி போகும்போது பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ரிவர்ஸ் எடுக்கும்போது ரேம்ப் விளிம்புலயோ பார்க்கிங் கல்லுலயோ அந்த தொங்குற முனை மாட்டிக்கிச்சுன்னா முழு பம்பரையும் பிச்சுக்கிட்டு வந்துடும். கையில காசு கம்மியா இருந்தா கிளிப்பும் ஸ்க்ரூவும் மட்டுமாவது இன்னிக்கே மாத்திடுங்க. கார் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற புதுப்பேட்டைக்கு பழைய கிளிப்பை எடுத்துட்டு போய் காட்டினா அதே சைஸ் தேடி குடுப்பாங்க. ஸ்க்ரூ மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்குங்க, காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காத்து அடிக்கிற ஏரியா நம்மளது, சாதா இரும்பு ஸ்க்ரூ துரு பிடிச்சு தலை மழுங்கிப் போய் அப்புறம் கழட்டவே முடியாது.

ஸ்டெப் 2: தூக்குறது

தாழ்வான காருக்கு ஜாக்கியே உள்ள நுழையாது. ஒன்றரை இஞ்ச் கனத்துல ரெண்டு மரப்பலகை வாங்கி முன் டயருக்கு முன்னாடி போட்டு காரை மேல ஏத்திட்டீங்கன்னா இடம் கிடைச்சிடும். பின் டயருக்கு கட்டை குடுங்க, ஜாக்கியில தூக்கினதும் ஸ்டாண்ட் வைங்க, அப்புறம்தான் கீழ போகணும். வெறும் ஜாக்கியை நம்பி தலையை உள்ள விடாதீங்க, செங்கல் அடுக்குறதும் வேணாம், வெயிட்ல அது திடீர்னு நொறுங்கிடும்.

ஸ்டெப் 3: அது என்ன பிளாஸ்டிக்?

இங்கதான் நான் ரொம்ப மாட்டிக்கிட்டு நின்னேன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். ஒரு ஷெட்ல குடுத்து அடிச்ச கலர் கொஞ்ச நாள்லயே நகத்தால சுரண்டினா தோலா உரிஞ்சு வந்துச்சு. பெயின்ட் நல்ல பெயின்ட்தான், அடிச்சவரும் கைத்தொழில் தெரிஞ்சவர்தான், ஆனா அடியில இருந்த பிளாஸ்டிக் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். பக்கெட், குடம் எல்லாம் பண்ற அதே சாமான். அது மேல எதுவுமே லேசுல ஒட்டாது. தண்ணி ஊத்தினா கூட பரவாம முத்து முத்தா உருண்டு நிக்கும். சாதா பிரைமர் அடிச்சா பாக்க நல்லா இருக்கும், ஆனா பிடிமானம் இருக்காது.

அதனால ஸ்பாய்லரை கழட்டி பின்பக்கம் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல பிளாஸ்டிக் பேர் அச்சுல போட்டிருக்கும். பிபி பிளஸ் ஈபிடிஎம்னு (பிபியோட ஒரு வகை ரப்பர் கலந்தது) இருந்தா அட்ஹீஷன் ப்ரமோட்டர், அதாவது பிரைமர் பிடிக்கிறதுக்காக அதுக்கு முன்னாடி அடிக்கிற திரவம், கட்டாயம். ஏபிஎஸ்னு இருந்தா சாதா பிளாஸ்டிக் பிரைமரே போதும். பியுஆர்னு இருந்தா அது பாலியூரித்தேன், நல்லா வளையும், அதுக்கு வளையுற பெயின்ட் வேணும். எழுத்தே இல்லாம உள்பக்கம் நார் நாரா தெரிஞ்சா அது ஃபைபர், அதாவது ஃபைபர் கிளாஸ்.

அட்ஹீஷன் ப்ரமோட்டர் வாங்கும்போது டப்பாவுல பிபிக்குன்னு போட்டிருக்கான்னு படிச்சு பாத்து வாங்குங்க, கடைக்காரர் "எல்லா பிளாஸ்டிக்குக்கும் போடலாம் சார்"னு சொன்னா மட்டும் போதாது. மெல்லிசா அடிக்கணும், டப்பாவுல போட்டிருக்கிற நேரத்துக்குள்ள பிரைமர் மேல வரணும், அந்த நேரம் தாண்டிட்டா திரும்ப அடிக்கணும்.

இன்னொண்ணு, கழுவுறது எப்பவும் தேய்க்கிறதுக்கு முன்னாடி. டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ்ல இருக்கிற சிலிக்கான் மேல உக்காந்திருக்கும், கழுவாம வாட்டர் பேப்பர் போட்டா அது கீறலுக்குள்ள இறங்கி உக்காந்துடும், பெயின்ட் அடிச்சதும் குட்டி குட்டி குழியா தெரியும். சோப்புத் தண்ணியில நல்லா கழுவி, காய விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. பெட்ரோலும் என்சி தின்னரும் வேணவே வேணாம். துடைச்ச அப்புறம் வெறும் கையால தொடாதீங்க, நம்ம ஊர் வேர்வைக்கு க்ளவுஸ் இல்லாம இந்த வேலை ஆகாது.

ஸ்டெப் 4: பிசிறும் விரிசலும்

பிபியை வாட்டர் பேப்பர்ல தேய்ச்சா மழுங்காது, நார் நாரா எழும்பும். அதை விடாம தேய்ச்சா இன்னும் எழும்பும். புது பிளேடால பிசிறை சீவி எடுத்துட்டு, ஹீட் கன்னை தூரமா பிடிச்சு வேகமா ஒரு தடவை காட்டினா மிச்ச நாரும் படிஞ்சிடும். ஹீட் கன்னை ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, வளைஞ்சு போச்சுன்னா திரும்ப பழைய வடிவத்துக்கு வராது. அப்புறம் வாட்டர் பேப்பர்ல 180, 320, 400 நம்பர்னு வரிசையா போங்க.

ஆழமான பள்ளத்துக்கு டிங்கரிங் பட்டறையில தகரத்துக்கு பூசுற பட்டியை பூசாதீங்க, அது கல்லு மாதிரி இறுகிடும், ஸ்பாய்லர் வளையும்போது வெடிச்சு விழும். பம்பருக்குன்னே ரெண்டு ட்யூப்ல வர்ற வளையுற ஃபில்லர் இருக்கு, விலை ஜாஸ்திதான், ஆனா இந்த இடத்துல மட்டும் காசு பாக்காதீங்க.

விரிசல் இருந்தா அது முடியுற முனையில 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு போடுங்க, அதுக்கு மேல ஓடாது. பின்பக்கத்துல இருந்து சால்டரிங் அயர்ன் வெச்சு, அதே பிளாஸ்டிக்ல கம்பி வாங்கி உருக்கி சேக்கணும். பிபிக்கு பிபி கம்பி, ஏபிஎஸ்க்கு ஏபிஎஸ் கம்பி, மாத்தி போட்டா சேராது. சூப்பர் க்ளூ பிபியில நிக்காது.

ஃபைபரா இருந்தா ரெசின், கண்ணாடி நார் துணி போட்டு ஒட்டலாம். அதுல ஒரே ஒரு எச்சரிக்கை. சில கடையில ரெசின் கூட கேட்டலிஸ்ட், கோபால்ட்னு ரெண்டு குட்டி பாட்டில் குடுப்பாங்க. அந்த ரெண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, தீப்பிடிச்சு வெடிக்கும். முதல்ல கோபால்ட்டை ரெசின்ல போட்டு முழுசா கலக்கிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ஃபைபரை தேய்க்கும்போது மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் போட்டுக்கோங்க, தூள் பட்டா அரிப்பு தாங்காது.

ஸ்டெப் 5: அடிப்பட்டை

எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது. ஆன்லைன்ல ரோலா வர்ற ரப்பர் லிப்பை நிறைய பேர் ஒட்டுறாங்க, எனக்கு அது பிடிக்கல. நம்ம வெயில்ல அந்த டபுள் டேப் இளகிடும், ரப்பரும் தரையில வழுக்காது, பிடிச்சு இழுக்கும். எனக்கு வேணும்கிறது வழுக்கிக்கிட்டே போற சாமான், அது எச்டிபிஇ, ஒரு வகை கெட்டியான பாலித்தீன். தண்ணி பிடிச்சு வெக்கிற நீல டிரம் இருக்கே, அதேதான். பழசு ஒண்ணு வாங்கி (கெமிக்கல் வந்த டிரம்மா இருந்தா நல்லா கழுவிட்டு) 4 சென்டிமீட்டர் அகலத்துல பட்டையா வெட்டிக்கலாம். நீலம் வேணாம்னா காய்கறி வெட்டுற தடிமனான பிளாஸ்டிக் பலகையும் நிறைய எச்டிபிஇதான், ஆனா சின்ன சின்ன துண்டாதான் வரும். பாரிஸ் கார்னர்ல பிளாஸ்டிக் ஷீட் விக்கிற கடையில கறுப்பு கலர்ல 3 மில்லிமீட்டர் ஷீட் கேட்டு வாங்கினா பாக்கவும் நல்லா இருக்கும்.

அதை ஸ்பாய்லருக்கு அடியில 4 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு மாட்டணும். ஸ்க்ரூ தலை பட்டைக்குள்ள முழுசா இறங்கணும், அதுக்கு ஓட்டையோட வாயை டிரில்ல குடைஞ்சுக்கோங்க. நீளமான ஸ்க்ரூ வேணாம், மேல ரேடியேட்டர் பக்கம் எதையும் குத்தக்கூடாது. தடியான போல்ட்டும் வேணாம், பலமா எங்கயாவது மாட்டினா பட்டைதான் பிஞ்சு போகணும், பம்பர் இல்ல. ஓட்டை எல்லாம் போட்டு மாட்டி பாத்துட்டு கழட்டி வைங்க, கலர் வேலை முடிஞ்சு திரும்ப மாட்டிக்கலாம்.

ஸ்டெப் 6: கலர்

கலர் கோடு ஸ்டிக்கர் கதவுத் தூண்லயோ, டிக்கியில ஸ்பேர் வீல் குழியிலயோ இருக்கும். மிக்ஸிங் கடைக்கு கோடு மட்டும் எடுத்துட்டு போகாம பெட்ரோல் மூடியையும் கழட்டி எடுத்துட்டு போங்க, வருஷக்கணக்கா வெயில்ல வெளுத்த மெட்டாலிக் கலரும் கோடு கலரும் ஒண்ணா இருக்காது. பிரைமர் காஞ்சதும் 600ல தண்ணி விட்டு தேய்ச்சு, கலர் மெல்லிசா பல கோட், மேல நிறமில்லாத கிளியர் கோட்.

ஹார்டனர் கலக்குற டூ கே கிளியர்தான் நல்லா உழைக்கும், ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுக்குழாயை பாதிக்கும், துணி மாஸ்க் அதை தடுக்காது. பக்கத்து வீட்டு ஜன்னல் கை எட்டுற தூரத்துல இருக்கிற நம்ம சந்துல அதை அடிக்கவே அடிக்காதீங்க, அந்த ஒரு கோட்டை மட்டும் பூத் வெச்சிருக்கிற பெயின்டர்கிட்ட குடுத்துடுங்க. மழை ஈரம் இருக்கிற நாள்ல எந்த பெயின்ட்டும் வேணாம், லாக்கர் பெயின்ட் வெள்ளை பூத்துடும். உச்சி வெயில்ல சுட்டுக்கிட்டு இருக்கிற பிளாஸ்டிக் மேலயும் வேணாம்.

இனிமே இடிக்காம ஓட்ட

ஸ்பாய்லர் அடியில இருந்து தரை எவ்வளவு உயரம், டயர் தரையை தொடுற இடத்துல இருந்து ஸ்பாய்லர் முனை எவ்வளவு தூரம்னு டேப்ல அளந்து வெச்சுக்கோங்க. என் கார்ல 11 சென்டிமீட்டர், 85 சென்டிமீட்டர். தோராயமா 7 டிகிரி சாய்வு வரைக்கும் இடிக்காம ஏறும்னு அர்த்தம். ரோட்டுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், அது ஆரம்பிக்கிற இடத்துல சாய்வு 6 டிகிரி சொச்சம்தான் வரும். அளவுப்படி போட்டிருந்தா என் கார் கூட தொடாம போயிடும்! ஆனா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஏறினா மூக்கு 3 சென்டிமீட்டர் இறங்கினாலே போதும், 5 டிகிரிக்கு வந்துடும், அளவான பிரேக்கர்லயும் இடிக்கும். அதனால முன்னாடியே வேகத்தை குறைச்சு, டயர் ஏறுறதுக்கு முன்னாடி பிரேக்ல இருந்து காலை எடுத்துடுங்க. தெருவுல அவங்கவங்க போட்ட குறுகலான மேட்டுக்கும் வீட்டு ரேம்ப்புக்கும் இது பத்தாது, அங்க குறுக்கா, ஒரு சக்கரம் முதல்ல ஏறுற மாதிரி போங்க, 45 டிகிரி குறுக்கா போனா சாய்வு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். பின்னாடி கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சாலும் பரவால்ல, நிதானமா ஏத்துங்க.

அப்டேட்: பிளாஸ்டிக் எழுத்து தேஞ்சு போச்சு, ஒரு சீவல் எடுத்து தண்ணியில போட்டேன், முங்கிடுச்சு, அப்போ பிபி இல்லதானேன்னு ஒரு நண்பர் கேட்டார். சுத்தமான பிபி மிதக்கும், சரிதான், ஆனா பம்பர்ல நிறைய இடத்துல டால்க்னு ஒரு கல்லுப் பொடி கலந்த பிபிதான் போடுறாங்க, 20 சதவீதம் டால்க் இருந்தா அது முங்கிடும். மிதந்தா பிபின்னு நம்பலாம், முங்கினா இல்லன்னு சொல்ல முடியாது. சந்தேகம்னா ப்ரமோட்டர் அடிச்சிடுங்க.

இன்னொரு அப்டேட்: காலையில நேரா இருந்த பட்டை மத்தியானம் அலை அலையா தொங்குதுன்னு மாதவரத்துல இருந்து ஒருத்தர் போட்டோ அனுப்பினார். எச்டிபிஇ சூட்டுல நல்லாவே நீளும், ஒன்றரை மீட்டர் பட்டை 30 டிகிரி சூடு ஏறினா அரை சென்டிமீட்டருக்கு மேல வளரும். ஒரே பட்டையா போடாம மூணு துண்டா வெட்டி நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுங்க, ஒவ்வொரு துண்டுலயும் நடு ஓட்டை மட்டும் உருண்டையா, மத்தது பக்கவாட்டுல நீளமா இருக்கட்டும், ஸ்க்ரூவையும் முழுசா இறுக்காம ஒரு கால் சுத்து தளர்த்தி விடுங்க. பட்டை தேயத் தேய ஸ்க்ரூ தலை தரைக்கு கிட்ட வந்துக்கிட்டே இருக்கும், அது பளபளன்னு தெரிய ஆரம்பிச்சா அந்த துண்டை மட்டும் மாத்தினா போதும்.