குதிரைத்திறனுக்கு முன் பிரேக்: பேடும் பிரேக் ஆயிலும் நாமே மாற்றும் முறை

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கு முதலில் கை போவது சைலன்சர் பக்கம்தான். நானும் அப்படித்தான். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழையதாக வாங்கி, அதே வாரத்தில் சைலன்சரை மாற்றினேன். சத்தம் பிரமாதமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு மலைப்பாதையில் இறங்கும்போது ஏழாவது எட்டாவது வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. அடுத்த மிதிக்குப் பாதி தூரம் வரை எதிர்ப்பே இல்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து, ஒருவழியாக ஓரத்தில் நிறுத்தினேன். முந்தைய உரிமையாளர் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார் என்று நான் கேட்கவே இல்லை.

அதனால் புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வேலையைப் பிரேக்கில் வையுங்கள். இது பராமரிப்பு, இதுவே மாற்றமும்கூட. தேய்ந்த பேடை (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். அந்த இடத்தில் நல்ல பேடைப் போட்டால் காரின் குணமே மாறிவிடும்.

பிரேக்குக்கு எதிரி சூடு

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிமீ வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 386 கிலோஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதாவது 200 கிமீ வேகத்தில் சுமார் 1,540 கிலோஜூல். நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக இறங்குகிறது. ஒரு தடவை நிறுத்துவது எந்தக் காருக்கும் பெரிய விஷயம் இல்லை. ஆறு கிமீ இறக்கத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்கும்போதுதான் கதை மாறும்.

சாதாரண பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பிரேக் ஆயிலின் தர வகைகளை டாட் 3, டாட் 4 என்று எண்ணால் சொல்வார்கள். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். நான் மிதித்த பஞ்சு அந்த ஆவிதான்.

டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிக்கான் வகை. பெயரில் 5.1-க்குப் பக்கத்து வீடு மாதிரி தெரிந்தாலும் இரண்டுக்கும் உறவே கிடையாது. மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

என்ன வாங்குவது

பேடில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பந்தயத்துக்கான பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. காலையில் வீட்டு வாசலை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது இன்னும் தூக்கத்தில் இருக்கும். கீச்சென்று கத்தும், டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். தினசரி ஓட்டமும் எப்போதாவது ஒரு வேகமான மலை ஓட்டமும் உள்ளவர்களுக்கு, சாலைக்கென்றே செய்த உயர்திறன் பேட் போதும்.

ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகாக இருக்கும். அந்த ஓட்டைகளின் விளிம்பில்தான் விரிசலும் முதலில் தொடங்கும். டிராக்கில் (பந்தயத் தடத்தில்) ஓட்ட நினைப்பவர்கள் சாதா டிஸ்க்கையோ கோடு வெட்டியதையோ எடுப்பது நல்லது. பெரிய காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) கிட் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். அது முன், பின் பிரேக்கின் சமநிலையைக் கலைக்கலாம், சக்கரத்துக்குள் அடங்காமலும் போகலாம். ஒரே ஒரு மிதியில் கார் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் டயர்தான். நல்ல பேடும் நல்ல ஆயிலும் தருவது வேறு: பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருக்கும்.

பேட் தவிர வேண்டியவை: புதிய, சீல் உடைக்காத டாட் 4 ஒரு லிட்டர். திறந்து அலமாரியில் வைத்த பாட்டில் வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். நல்ல ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்), ஒளி ஊடுருவும் மெல்லிய ரப்பர் குழாய், ஒரு காலி பாட்டில், பிரேக் கிளீனர், பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ், சி வடிவ கிளாம்ப், பழைய துணி. அப்புறம் உங்கள் காரின் வொர்க்‌ஷாப் மேனுவல். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அதில் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

படி 1: தூக்குவது

சமதளமான, கெட்டியான தரை. சக்கரங்களுக்குக் கட்டை. வீல் நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு தூக்கி, மேனுவல் காட்டும் இடத்தில் ஜாக் ஸ்டாண்டை வைத்து, காரின் எடையை அதில் இறக்குங்கள். கையால் காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் இப்போதே விழட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே ஒரு விரலைக்கூட நீட்டக் கூடாது.

படி 2: பார்ப்பது

சக்கரத்தைக் கழற்றியதும் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் சும்மா பாருங்கள். பேடின் உராயும் பகுதி 3 மிமீக்கு வந்துவிட்டதா? உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா? ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலும், சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் காலிப்பர் சறுக்கி நகர உதவும் உலோகத் தண்டு (பின்) இறுகியிருக்கலாம். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனை அதன் விளிம்பிலோ நடுப் பகுதியிலோ பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்து, அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்றுங்கள். ஹோஸில் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயில்) வெடிப்பு, கசிவு உண்டா என்று பாருங்கள். டயரையும் ஒரு பார்வை: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. எப்போதாவது மட்டும் ஓடும் கார்களில், பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்தது என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும்.

படி 3: பேடை மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் அப்படியே இருந்தால் குழப்பம் வரும்போது எட்டிப் பார்க்கலாம்.

நகரும் வகைக் காலிப்பரில் பெரும்பாலும் ஒரு போல்ட்டைக் கழற்றினால் மறு போல்ட்டை அச்சாகக் கொண்டு மேலே திறக்கும். முழுசாகக் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது, உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் பறக்கவிடாதீர்கள். கிளீனரால் நனைத்துத் துடைத்தால் போதும்.

அடுத்து காலிப்பருக்குள் இருந்து பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால் ஆயில் திரும்பிப் போய் மேலே பிரேக் ஆயில் டேங்கில் மட்டம் ஏறும். எனவே முதலில் டேங்கிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வழிந்து பெயின்ட் மேல் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினால் போதும்.

பின் சக்கரத்தில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். சில கார்களில் கைப்பிரேக்கின் அமைப்பு பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கும். அதை எவ்வளவு அழுத்தினாலும் பிஸ்டன் போகாது. சிலவற்றில் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். என்னுடைய எம்எக்ஸ்-5-இல் வேறு மாதிரி: காலிப்பரின் பின்பக்கம் 14 மிமீ போல்ட் ஒன்று மூடி போல இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே 4 மிமீ ஆலன் கீயை விட்டு இடப்பக்கமாகச் சுற்றினால் பிஸ்டன் தானாகப் பின்வாங்கும். இது தெரியாமல் கிளாம்ப்போடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய வீரர்களில் நானும் ஒருவன். புதுசு மாட்டிய பிறகு, பேட் டிஸ்க்கைத் தொடும் வரை வலப்பக்கம் சுற்றி, மூன்றில் ஒரு பங்குச் சுற்றுத் திரும்ப வர வேண்டும்.

நகரும் பின்களை வெளியே எடுத்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் அங்கே ஆகாது, ரப்பரை ஊதவைத்துவிடும். புதிய பேடின் உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் எண்ணெய்க் கை படக் கூடாது. காலிப்பர் போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

படி 4: ஆயிலை மாற்றி ஏர் எடுப்பது

இதற்கு இன்னொருவர் வேண்டும், பெடலை மிதிக்க. சண்டை வராத ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேங்கில் இருக்கும் கறுத்த ஆயிலை உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பகுதி) மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். சில கார்களில் வரிசை வேறு, மேனுவல் சொல்வதே சரி. பிளீடர் நிப்பிளில் (காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் திருகில்) ஸ்பேனரைப் போட்டு, அதன் மேல் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள்.

பிறகு இப்படிப் பேச்சு போகும். நீங்கள் "மிதி" என்கிறீர்கள். அவர் மெதுவாக மிதித்து, "மிதித்திருக்கிறேன்" என்கிறார். நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்கிறீர்கள். ஆயில் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்கிறீர்கள். மூடுவதற்கு முன் அவர் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், குழாயில் குமிழி இல்லாமல், தேன் நிறமோ அதைவிட வெளுப்போ ஆன சுத்தமான ஆயில் வரும்வரை.

பழைய காரில் ஒரு எச்சரிக்கை. பெடலைத் தரை வரை அழுத்தாதீர்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் சீல் அவ்வளவு ஆழம் போவதே இல்லை. அந்தப் பகுதியில் துரு இருந்தால் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் கவலை தீர்ந்தது.

இன்னொன்று, ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டேங்கைப் பாருங்கள். என் முதல் முயற்சியில் மூன்றாவது சக்கரம் வரை எல்லாம் அழகாகப் போனது. பேச்சு சுவாரசியத்தில் டேங்க் காலியானதைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர் காற்றைக் குடித்துவிட்டது, மறுபடி முதல் சக்கரத்திலிருந்து தொடங்கினோம். மிதித்த நண்பர் அன்று இரவு என்னிடம் பேசவில்லை. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் இது இன்னும் வம்பு. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போனால், அதை வெளியேற்ற ஸ்கேன் கருவி தேவைப்படலாம்.

நிப்பிள் உள்ளே துளையுள்ள மெல்லிய திருகு. ஓங்கி இறுக்கினால் உடைந்து கையோடு வரும்.

படி 5: நகர்த்துவதற்கு முன்

சக்கரங்களை மாட்டி நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். காரை இறக்கியபின் டார்க் ரெஞ்ச். என் காருக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர், உங்கள் காருக்கு மேனுவலில் இருக்கும்.

இப்போது வண்டியை எடுக்காதீர்கள்! பிஸ்டனைத் தள்ளி வைத்திருப்பதால் முதல் மிதியில் பெடல் நேராகத் தரைக்குப் போகலாம். நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனாலோ பஞ்சு மாதிரி இருந்தாலோ கார் வாசலைத் தாண்டக் கூடாது. கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், மறுபடி ஏர் எடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டேங்கில் மட்டத்தைச் சரிபார்த்து மூடியை இறுக்குங்கள்.

படி 6: பேடைப் பழக்குவது

புதிய பேட் டிஸ்க்கின் மேல் தன் பொருளை மெல்லிய, சீரான படலமாகப் பதிக்க வேண்டும். அப்போதுதான் முழுப் பிடிமானம் கிடைக்கும். பேட் தயாரிப்பாளர் முறை ஏதும் சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். இல்லாவிட்டால், ஆள் நடமாட்டமற்ற, நேரான, பின்னால் யாரும் வராத சாலையில் 80 கிமீயிலிருந்து 20 வரை நடுத்தர அழுத்தத்தில் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். எட்டுப் பத்து முறை. புது பேடின் வாசனை வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பிரேக்கை மிதித்தபடியே நின்றால், பேட் நின்ற இடத்தில் மட்டும் தடிமனான தடம் விழும். பிறகு ஸ்டீயரிங் நடுங்கும்போது டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வார்கள். பல நேரங்களில் அது வளைவு இல்லை, இந்தத் தடம்தான்.

நூறு கிமீ ஓடியபின் வீல் நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சால் பாருங்கள். தேதி, கிமீ, பேடின் தடிமன் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், டிராக் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். வடித்த பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள், மூடிய பாட்டிலில் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். வீட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.