புது மடிக்கணினி வைஃபையில் சேரவில்லையா? ஊசியைக் கீழே வையுங்கள்

புது மடிக்கணினி வைஃபையில் சேராவிட்டால் பலரும் உடனே ஓர் ஊசியைத் தேடி, ரவுட்டரின் பின்னாலுள்ள சிறு துளையில் குத்தி அழுத்துகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. வைஃபை பெயர், கடவுச்சொல், சில வீடுகளில் இணைய நிறுவனம் பதிந்து தந்த பயனர் விவரம் என எல்லாம் அழிந்துவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய கைப்பேசிகளும் நின்றுபோகும்.

மற்ற கருவிகளில் இணையம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், ரவுட்டரைக் கலைக்காமல் மடிக்கணினியைக் கவனியுங்கள்.

வைஃபை சேராததும் இணையம் வராததும் ஒன்றல்ல. இணைந்ததாகக் காட்டியும் பக்கங்கள் திறக்கவில்லையென்றால், நெட்வொர்க் விவரங்களில் ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் கணினிக்குரிய எண்ணை, பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தராததால் மடிக்கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. சேமித்த இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். அப்போதும் வராவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிந்து தளங்கள் திறக்காது. புதுக் கணினியில் இதை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

கடவுச்சொல் சரியாக இருந்தும் சேர மறுக்கிறதா? அதையே பத்து முறை தட்டிப் பயனில்லை. அனுமதித்த கருவிகளை மட்டும் சேர்க்கும்படி எப்போதோ யாராவது ரவுட்டரில் பட்டியல் போட்டிருக்கலாம். புது மடிக்கணினி அதில் இருக்காது, அதைச் சேர்க்க வேண்டும். மடிக்கணினியில் சீரற்ற வன்பொருள் முகவரி வசதி (கருவியின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுவது) இயங்கினால், பட்டியலில் சேர்த்த பிறகும் அடையாளம் மாறிவிடலாம். வீட்டு இணைப்புக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

வைஃபை பெயரே தெரியாவிட்டால் ரவுட்டர் இருக்கும் அறைக்குச் சென்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைவிட விரைவாக வலுவிழக்கும்.

எப்படியாவது சேரட்டும் என்று கடவுச்சொல்லையே எடுத்துவிடுவோரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ரவுட்டரிலுள்ள டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை ஒத்துவராவிட்டால், பழைய டபிள்யூ.பி.ஏ.2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் போதும்.

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின் வைஃபை பொத்தானே காணவில்லையென்றால் வைஃபை பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் பெரும்பாலும் இல்லை என்று கொள்ளலாம். கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்லும் முன், கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.