மந்த காலத்தில் முன் கண்ணாடி விரிசல் அடைக்கும் தொழில்: மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் பணப்புழக்கம் குறைந்தால் வண்டிக்காரர்கள் புதுக் கண்ணாடி மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். கல் பட்ட இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு ஓட்டப் பார்ப்பார்கள். அதனால்தான் மற்ற தொழில்கள் படுக்கும்போது இந்த வேலைக்குப் புதிதாக ஆட்கள் வருகிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று நீலகிரியில் இப்போது சில இளைஞர்கள் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் போடும் கணக்கில் பிழையில்லை. ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் விழுந்த அதே குழிகளில் அவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கருவியைத் துடைத்து வை, கையுறை போடு என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கதவுக் கண்ணாடி

தொடாதீர்கள். அது டெம்பர்டு கண்ணாடி, அதாவது உடைந்தால் பொடிப்பொடியாக நொறுங்கும்படி சூடேற்றிக் கடினமாக்கியது. ரெசின் என்னும் திரவப் பசையைக் கீறலில் ஏற்றி, இறுகவைத்து அடைக்கக்கூடியது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் முன் கண்ணாடி மட்டுமே.

சீசனை நம்பிக் கடை எடுப்பது

மே மாதக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் பெரிய வாடகைக்குக் கடை தேடுகிறார்கள். சுற்றுலா வருபவர் விரிசலோடு ஊருக்குத் திரும்பி அங்கேதான் சரிசெய்வார். அதோடு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து கோடை சீசனுக்கு வார நாள்களில் தினம் 6,000, வார இறுதியில் தினம் 8,000 வெளியூர் வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. உங்களுக்குச் சோறு போடப்போவது நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகள்தான்: பச்சைத் தேயிலை ஏற்றும் இலை வண்டிகள், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்கும் பிக்கப்புகள், டாக்ஸிகள், பள்ளி வேன்கள். இவர்கள் ஆண்டு முழுவதும் இதே மலைப்பாதையில்தான் கல்லடி வாங்குகிறார்கள்.

ஈரத்தை உள்ளே வைத்து அடைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. சமவெளியில் பயிற்சி பெற்று வருபவருக்கு ஈரம் ஒரு பாடத்தின் கடைசிப் பத்தி. மலையில் அதுதான் முதல் பாடம்.

கல் பட்ட கண்ணாடியில் நடுவே சிறு குழியும், அதைச் சுற்றிக் கால்கள் விரிந்தது போன்ற கீறல்களும் இருக்கும். அந்தக் கீறல்களில் இருப்பது காற்று. அதை வெற்றிடம் வைத்து இழுத்துவிட்டு, அந்த இடத்தில் ரெசினை அழுத்தி ஏற்றுவதுதான் வேலை. இங்கே இரவெல்லாம் மூடுபனி. ஜூனிலிருந்து தென்மேற்கு மழை. அது ஓய்ந்ததும் வடகிழக்கு. மறுநாள் வண்டி உங்களிடம் வரும்போது கீறலுக்குள் காற்றோடு தண்ணீரும் இருக்கும். ரெசின் தண்ணீரோடு கலக்காது. தண்ணீர் நிற்கும் இடத்தில் கண்ணாடியைப் பற்றவும் பற்றாது.

புதியவரை ஏமாற்றுவது இன்னொன்று. காற்று நிறைந்த கீறல் வெள்ளி போலப் பளிச்சென்று தெரியும். தண்ணீர் புகுந்தால் அந்தப் பளபளப்பு மங்கி, கீறல் பாதிதான் கண்ணில் படும். ஈர நாளில் பார்ப்பவர், “சின்னக் கீறல்தான், அரைமணி நேர வேலை” என்று சொல்லிவிடுவார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியை உள்பக்கமிருந்து விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கீறலுக்குள் ஏதோ நகர்ந்து, விட்டதும் திரும்பி வந்தால் அது தண்ணீர். அது உலரும்வரை ரெசின் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கடந்த குளிர்காலத்தில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் என்னிடம் வந்தார். மழை மாதத்தில், சாலையோரத்தில், தூறல் விட்ட இடைவெளியில் ஒரு புதியவர் அடைத்துக் கொடுத்திருக்கிறார். அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்ததாம். சில வாரங்களில் கீறலின் கால்களில் பால் சிந்தியதுபோல் வெண்மை படர்ந்துவிட்டது. தலைகுந்தாவில் உறைபனி விழுந்த ஒரு காலை, கண்ணாடியில் படிந்த பனியைக் கரைக்க ஹீட்டரை முழு வேகத்தில் வைத்திருக்கிறார். பற்றாத இடத்திலிருந்து விரிசல் கிளம்பி, வைப்பர் ஓரம் வரை ஓடிவிட்டது. உள்ளே ஒரு முறை இறுகிய ரெசினை மீண்டும் வெளியே எடுக்க வழியில்லை. முழுக் கண்ணாடியும் மாற்ற வேண்டும் என்பதைத் தவிர நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சவாரி குறைந்த மாதம் அது. “அப்போதே மாற்றியிருந்தால் அடைத்த காசாவது மிஞ்சியிருக்குமே அண்ணா” என்றார். அந்த ஸ்டாண்டில் இனி யாரும் அந்தப் புதியவரிடம் வண்டியை விடமாட்டார்கள்.

அவருக்குத் தெரியாமல் நடந்ததாக நான் நினைக்கவில்லை. மந்த காலத்தில் “நாளைக்கு வாருங்கள்” என்று சொல்ல நாக்கு வருவதில்லை. போனவர் திரும்பமாட்டார் என்ற பயம். அந்தப் பயத்தில் ஏற்றிய ஒரு ரெசின்தான் பத்து வாடிக்கையாளர்களை விரட்டுகிறது.

சிகரெட் லைட்டரைக் காட்டி உலர்த்துவதும் வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் ஒரே இடத்தில் சூடு பட்டால் உங்கள் கண்முன்னே விரிசல் ஓடும். வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். ஹீட்டரைக் குறைவாக வைத்து உள்ளிருந்து மெதுவாக வெதுவெதுப்பாக்குங்கள். வெற்றிடத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடியுங்கள். விரலால் அழுத்தி மறுபடியும் பாருங்கள். கண்ணாடியின் சூடு தணிந்த பிறகுதான் ரெசின். அரை நாள் போனாலும் போகட்டும்.

இதனால்தான் பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு தேடிப் போகும் சேவை மலைக்குச் சரிவராது என்கிறேன். கடை வாடகை மிச்சம் என்று சமவெளியில் சொல்வார்கள். இங்கே ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தாலும் ஒழுகாத தகர ஷெட் ஒன்று வேண்டும். முதல் செலவு அதற்குத்தான்.

வெயில் சுடவில்லை என்று வெளியில் ஏற்றுவது

ரெசின் இறுகுவது புற ஊதாக் கதிரால்; சூட்டால் அல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். பிப்ரவரி வெயில் இதமாக இருந்தாலும் கதிர் சமவெளியைவிட வலுவானது. பாதி ஏறும்போதே ரெசின் இறுகிவிடும். நிழல் கட்டாயம்.

எல்லாவற்றையும் அடைப்பேன் என்பது

ஓட்டுநரின் பார்வைக்கு நேராக இருப்பது, கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டது, உள்பக்கத் தகடு வரை இறங்கியது: இந்த மூன்றையும் மாற்றத்தான் சொல்ல வேண்டும். அடைக்கக்கூடியதாக இருந்தால், காப்பீட்டுக் கணக்கையும் வண்டிக்காரருக்குச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (தன் வண்டிக்கு வரும் சேதத்துக்காகக் கட்டும் காப்பீட்டுத் தொகையில்) முதலாண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. கண்ணாடிக்காக ஒரு முறை கேட்டால் பல பாலிசிகளில் அது போய்விடும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பேரம் பேசுவதும் குறையும்.

“அடையாளமே தெரியாது”

இப்படிச் சொல்லாதீர்கள். தெரியும். தொடங்குமுன் படம் எடுத்துக் காட்டிவிடுங்கள்.

பற்று வைப்பது

இலை வண்டிக்காரர்கள் ஃபேக்டரியில் பணம் போட்டதும் தருகிறேன் என்பார்கள். பச்சைத் தேயிலை விலை இறங்கிய மாதத்தில் அதுவும் தள்ளிப்போகும். முழுக் கடன் கொடுக்காதீர்கள். ரெசின் காசையாவது கையில் வாங்கிவிட்டு மீதியை எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது வேறொன்று: ஒட்டு டேப். கல் பட்ட உடனே குழியின் மேல் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது. ஸ்டாண்டுக்கு ஒரு சுருள் வாங்கிக் கொடுத்து, எப்படி ஒட்டுவது என்று காட்டிவிட்டு வாருங்கள். அப்படி ஒட்டிக்கொண்டு வரும் வண்டியைப் பெரும்பாலும் அன்றைக்கே முடித்து அனுப்பிவிடலாம்.